கஸ்பரின் பின்னங்கால்

சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறந்தால் முதல் வேலை கூட்டுவதுதான். முதல்நாள் அங்கே யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் நடந்திருக்கும். வெடித்த பலூன், மிதிபட்ட கேக், சோடா சிந்திக் காய்ந்த பிசுபிசுப்பு. குங்பூ மாஸ்ரர்மார் இருவரும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு தும்புத்தடியை எடுப்பார்கள். லண்டன் செவன் கிங்ஸில் அந்தக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு வருசமாக வித்தை இப்படித்தான் தொடங்கிக்கொண்டிருக்கிறது.

மூத்தவர் யோகராஜா. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், இங்கிலீசு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்கின்றன. ஆனாலும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்துவிட்டாரென்றால் கவர்னரே வந்தாலும் கணக்கெடுக்க மாட்டார். இளையவர் சவிரிமுத்து, குருநகர் ஆள், ஐம்பதைத் தாண்டி மூன்று வருசம். கிழமை நாட்களில் இல்ஃபோர்ட்டில் ஒரு மீன்கடையில் அறக்குளாவும் விளைமீனும் வெட்டுகிறவர். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கையிலிருந்து மணம் போகாது. பிள்ளைகளின் கையைப் பிடித்து நிலை திருத்தும்போது மனுசனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

1997ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், அவர்கள் கூட்டி முடிக்க முதலே பாதர் வந்து நின்றார். புதிதாக வந்த ஐரிஷ்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்று நினைக்கிறவர். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு கராட்டி வகுப்புக்காரர் சனிக்கிழமை காலை நேரத்தைக் கேட்கிறார். அவருக்குச் சங்கம் இருக்கிறது, அத்தாட்சி இருக்கிறது. உங்களுடைய குரு யார், அவர் உங்களுக்குப் படிப்பித்ததற்கு யார் சாட்சி? அடுத்த ஞாயிறு பூசை முடிய மண்டபக் கமிட்டி கூடும், வந்து சொல்லுங்கள். பாதர் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார்.

“உவன் பிறக்க முதல் நாங்கள் வித்தை படிச்சனாங்கள், சவிரி! எங்களிட்டை அத்தாட்சி கேக்கிறானாம், அத்தாட்சி!” யோகராஜா தும்புத்தடியை நிலத்தில் குத்தினார்.

“பாதரை அவன் இவன் எண்டாதேங்கோ, யோகண்ணை. கோயில் மண்டபம்.”

“நான் கராட்டிக்காரனைச் சொன்னனான்.”

பாதரைத்தான் சொன்னார், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர்களுடைய குரு லியாங் மாஸ்ரர். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியில் இருந்த சீனாக்காரப் பல்லு டொக்டர். எழுபதுகளில் குங்பூப் படங்கள் வந்து, ஊரில் இருந்த இளந்தாரிகளுக்கெல்லாம் விசர் பிடித்த காலம். யோகராஜாவும் சவிரிமுத்துவும் இன்னும் நாலு பேரும் கதலிவாழைச் சீப்பும் பனங்கட்டிக் குட்டானும் கொண்டுபோய் அவருடைய வீட்டுப் படலையில் தவம் கிடந்தார்கள். டொக்டர் கையை விரித்து, “தெரியாது, தெரியாது” என்றார். அவர் தெரியாது என்று சொல்லச் சொல்ல இவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே விசயம் தெரிந்த எவர் தனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்? வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனாலும், சாத்திரியாரிடம் போனாலும், “எனக்கென்ன தம்பி தெரியும்” என்றுதானே தொடங்குவார்கள். கடைசியில் டொக்டர் இரங்கினார். விடியற்காலையில் வளவுக்குள் அவர் அசைகிறபடி பின்னால் நின்று அசையலாம் என்றார். இரண்டு வருசம் அசைந்தார்கள். புலி, கொக்கு, கதவு திறப்பு என்று பெயர்களை இவர்களே வைத்துக்கொண்டார்கள்.

சவிரிமுத்து வீட்டுக்கு வந்தபோது மனைவி மெற்றில்டா ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நண்டும் இறாலும் பயற்றங்காயும் கொதித்து, புளி விட்ட மணம் கதவு வரைக்கும் வந்தது. சவிரிமுத்து கதையைச் சொன்னார். அவள் அகப்பையை நிறுத்தவில்லை.

“லியாங் டொக்டரின்ரை மகள் மேரி என்னோடை கொன்வென்ரிலை படிச்சவள். இப்ப ஹரோவிலை இருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கும் போனிலை கதைச்சனான். கூட்டிக்கொண்டு வந்து பாதருக்கு முன்னாலை நிப்பாட்டுங்கோ. எங்கடை பப்பாதான் இவைக்குப் படிப்பிச்சவர் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.”

“உதை ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் எப்ப என்னைக் கேட்டனீங்கள்?”

மாடியிலிருந்து கஸ்பர் இறங்கி வந்தான். மெற்றில்டாவின் தம்பி, நாற்பதை எட்டப் போகிறவன், கலியாணம் கட்டவில்லை. அவர்களோடுதான் இருக்கிறான். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற இடத்தில் வேலை. ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் கூழைச் சுடச்சுட ஊதிக் குடித்தான்.

“மண்டபம் போகப் போகுதாமோ, அத்தான்?”

“பாப்பம்.”

“விடக்கூடாது, அத்தான். எங்கடை குங்பூப் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகவே கூடாது.” சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். சவிரிமுத்துவுக்குக் கூழ் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், கஸ்பரின் இடக்கண் கண்ணாடிக் கண். எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் நடந்தது. அப்போது சவிரிமுத்துவும் கஸ்பரும் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார்கள். வேலை முடிந்து ரயில் ஸ்ரேசனை விட்டு வெளியே வருகிறார்கள், நாலரை மணிக்கே நல்ல இருட்டு. மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பொடியள் மூன்று பேர் வழியை மறித்தார்கள். சவிரிமுத்து யோசித்து ஓடவில்லை. கால் தன்பாட்டில் ஓடிவிட்டது. அடுத்த தெருவில் ரெலிபோன் பெட்டியைக் கண்டு பொலிசைக் கூப்பிட்டார், அதுவும் உண்மைதான். அந்த ஒரு ரெலிபோனால் அவர் ‘உதவிக்கு ஓடினவர்’ ஆனார். ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

கஸ்பர் ஓடவில்லை. மாஸ்ரர் அத்தான் படிப்பித்தபடி பின்னங்காலை மடித்து, முன்னங்கையை உயர்த்தி, கொக்கு நிலையில் நின்றான். போத்தலால் அடித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் அன்றைக்கே இழுத்து மூடப்பட வேண்டியது. கண்ணைப் பறிகொடுக்கத்தானோ வித்தை பழகுகிறீர்கள் என்று ஆட்கள் சிரித்தார்கள். யோகராஜா எல்லோரையும் மண்டபத்தில் கூட்டினார். கொக்கு நிலையில் நின்று காட்டி, பின்னங்கால் இரண்டு விரற்கடை வெளியே திரும்பிப் போனதென்றும், அதனால்தான் தடுக்கிற கை பிந்தியதென்றும், பிழை கஸ்பரின் காலில், வித்தையில் இல்லையென்றும் விளக்கினார். சவிரிமுத்து ஓமென்று தலையாட்டினார். கண்ணில் கட்டோடு முன்வரிசையில் இருந்த கஸ்பரும் தலையாட்டினான். பள்ளிக்கூடம் பிழைத்துக்கொண்டது. கஸ்பர் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. பிழைவிட்ட ஆள் எந்த முகத்தோடு வருவதென்று அக்காவிடம் கேட்டானாம்.

புதன்கிழமை சவிரிமுத்து லீவு போட்டார். அவரும் மெற்றில்டாவும் இரண்டு ரயில் மாறி ஹரோவுக்குப் போனார்கள். மெற்றில்டாவின் மடியில் நண்டுக்கறி இருந்த டப்பா. மேரி வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்தாள். பார்த்தால் அசல் சீனாக்காரி, வாயைத் திறந்தால் அசல் ஆஸ்பத்திரி வீதி.

“எடியே மெற்றில்டா, என்னடி இப்பிடிக் கொழுத்துப் போனாய்! வாங்கோ சவிரிமுத்து அண்ணை, குளிருக்கை நிக்காமல் உள்ளை வாங்கோ.”

தேத்தண்ணி வந்தது. சவிரிமுத்து கதையைத் தொடங்கி, கராட்டிக்காரர், பாதர், அத்தாட்சி என்று சொல்லி முடிக்கும்வரை மேரி கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை.

“பப்பாவோ? குங்பூவோ? ஐயோ அண்ணை, எலி ஓடினாலே அந்த மனுசன் கதிரையிலை ஏறி நிக்கும்.”

“பகிடி விடாதேங்கோ, மேரி. நாங்கள் இரண்டு வருசம்...”

“தெரியும், தெரியும். நான் யன்னலாலை பாக்கிறனான். அண்ணை, நாள் முழுக்க நிண்டு பல்லுப் பிடுங்கினா வலது தோள் இறுகிப் போகும், இடுப்புப் பிடிக்கும். அதுக்குக் கொழும்பிலை ஒரு சீன வைத்தியர் சொல்லிக் குடுத்த அப்பியாசம் அது. தோளுக்கு ஒண்டு, நாரிக்கு ஒண்டு. ஒற்றைக் காலை மடிச்சு நிக்கிறது நாரிக்கு. பப்பா அம்மாவிட்டைச் சொல்லுவார், இந்தப் பொடியளுக்கு என்ன வருத்தமோ, எனக்குக் குங்பூ தெரியாது எண்டு சொல்லியும் ஒவ்வொரு நாளும் வருகுதுகள், செய்துபோட்டுப் போகட்டும் எண்டு.”

சவிரிமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கொக்கு நிலை, இடுப்பு வலிக்கு, நாரிப் பிடிப்புக்கு. அந்த மனுசன் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. தெரியாது என்று தலைதலையாய் அடித்துச் சொன்னார். நம்பாதவர்கள் இவர்கள்தான். அந்த அறையில், அந்தக் கதிரையில், உடுப்பில்லாமல் இருப்பதுபோல அவருக்கு இருந்தது.

மேரி நிலைமையை விளங்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “மனம் நோகாதேங்கோ, அண்ணை. நான் வாறன். பப்பாவுக்குப் பின்னாலை இரண்டு வருசம் நிண்டு பழகினவை எண்டு சொல்லுறன். அது பொய்யில்லையே?”

திரும்பி ரயிலில் வந்தார்கள். மெற்றில்டா வெறும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெம்பிளி தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அப்ப என்ரை தம்பி நாரிப் பிடிப்புக்கு நிக்கிற மாதிரி நிண்டு அடி வாங்கியிருக்கிறான்.”

“மெற்றில்டா...”

“இவ்வளவு வருசமும் தன்ரை கால் பிழை எண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான். ஒரு பெட்டை பாக்கப் போனாலும், செபமாலை சொன்னாலும், அந்தக் காலைத்தான் யோசிக்கிறான். நீங்களும் தலையாட்டினனீங்கள். நானும் புருசன் சொன்னாச் சரி எண்டு இருந்திட்டன். எனக்கும் வெக்கமில்லை.” அவள் குரலை உயர்த்தவில்லை, பக்கத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். “ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அவனுக்குச் சொல்லிப்போடுங்கோ. நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்.”

முதலில் யோகராஜாவிடம்தான் போனார். கிழவர் தனி மனிதன், ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறார். கதை முழுவதையும் கேட்டார். எழுந்து போய்க் கேத்தலைப் போட்டார், கொதித்தது, தேத்தண்ணி ஊற்றவில்லை.

“ஆருக்குத் தெரியும் உது?”

“மேரிக்கு, எனக்கு, மெற்றில்டாவுக்கு, இப்ப உங்களுக்கு.”

“அப்ப வாயைப் பொத்திக்கொண்டிரும். அந்தப் பிள்ளை வந்து ரெண்டு சொல்லுச் சொல்லட்டும். மண்டபம் நிண்டிடும்.”

“கஸ்பருக்கு என்ன சொல்லுறது, அண்ணை?”

“கஸ்பர் கேட்டவனோ? கேக்காதவனுக்கு ஏன் சொல்லுறீர்?” யோகராஜா சட்டென்று திரும்பினார். “சவிரி, எனக்கு மனுசியில்லை, பிள்ளையில்லை. இந்த ஊரிலை என்னை மாஸ்ரர் எண்டு கூப்பிடுற அந்த ஒரு சனிக்கிழமைக் காலமைதான் இருக்கு. உதையும் பறிச்சுப்போட்டு என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?”

சவிரிமுத்துவுக்கும் அதே கதைதான். கிழமை முழுவதும் ‘ஏய்’ என்று கூப்பிடப்படுகிற ஆளுக்குச் சனிக்கிழமை மட்டும் ஒரு பெயர் இருந்தது.

வெள்ளிக்கிழமை கஸ்பருக்கு ஷிப்ட் இல்லை. சவிரிமுத்து குசினியில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று வெங்காயம் உரித்தான். இதுதான் தருணம் என்று சவிரிமுத்து வாயெடுத்தார்.

“கஸ்பர்...”

“என்ன, அத்தான்?”

“உப்புப் போட்டனியோ?”

“மீன் இன்னும் சட்டிக்கை போகேல்லையே, அத்தான்.”

சனிக்கிழமை இன்னொருமுறை வாயெடுத்தார். மழை வருமோ என்று கேட்டார். மெற்றில்டா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, “சீ” என்று சொல்லிப்போட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு பூசை முடிந்தது. மண்டபத்தில் நீள மேசைக்குப் பின்னால் பாதரும் கமிட்டிப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் கராட்டிப் பொடியன், வெள்ளைக்காரன், மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். மறுபக்கத்தில் மாஸ்ரர்மார் இருவரும், மெற்றில்டாவும், சேலை உடுத்துப் பொட்டு வைத்த மேரியும். பூசைக்கு வந்த சனமும் புதினம் பார்க்க நின்றது.

மேரி சொன்னபடியே சொன்னாள். தன் தகப்பனுக்குப் பின்னால் இரண்டு வருசம், மழையென்றும் பனியென்றும் பாராமல், இவர்கள் நின்று பழகினார்கள் என்றாள். ஒரு சொல்லும் பொய்யில்லை. பாதர் தலையை ஆட்டினார். கமிட்டிப் பெண்ணொருத்தி சிரித்தாள். யோகராஜாவின் முதுகு நிமிர்ந்தது. விசயம் முடிந்த மாதிரித்தான்.

அப்போதுதான் மற்றப் பெண் கேட்டாள், உங்கள் மாணவர் ஒருவருக்குக் கண் போனதாகக் கேள்விப்பட்டோமே, அது என்ன?

“நான் சொல்லுறன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கஸ்பர். கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இங்கிலீசு அவனுக்கு அவ்வளவு வராது, தமிழில் சொன்னான். யோகராஜா மொழிபெயர்க்க எழுந்தார்.

“பாதர், அது நான்தான். பிழை பள்ளிக்கூடத்திலை இல்லை. இவை எனக்கு வடிவாச் சொல்லித் தந்தவை. நான்தான் அண்டைக்குப் பின்னங்காலைப் பிழையா வைச்சிட்டன். என்னைக் காட்டி இந்த ஆக்களின்ரை மண்டபத்தைப் பறிக்காதேங்கோ.”

யோகராஜா அதை இங்கிலீசில் சொன்னார்.

பாதர் கஸ்பர் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல ஒரு கேள்வி கேட்டார். யோகராஜா அதைத் தமிழில் சொல்லாமல் நின்றார். பாதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதாயிற்று.

“உன்ரை கால் பிழையெண்டு ஆர் கண்டதெண்டு கேக்கிறார்.”

கஸ்பருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “அத்தான்தான். அவரெல்லோ கூட நிண்டவர். எனக்கு அடி விழுந்த பிறகெல்லோ உதவிக்கு ஓடினவர்.”

மண்டபம் முழுக்கச் சவிரிமுத்துவைப் பார்த்தது. மெற்றில்டா மட்டும் நிலத்தைப் பார்த்தாள். சவிரிமுத்துவின் கால் இன்றைக்கும் ஓடத்தான் பார்த்தது. கதவு கிட்டத்தான் இருந்தது. அவர் கதிரையின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நான் நிக்கேல்லை, கஸ்பர்.”

“என்ன, அத்தான்?”

“நான் நிக்கேல்லை. உன்னை விட்டிட்டு ஓடினனான். ஸ்ரேசன் வாசலிலை நீ கால் எங்கை வைச்சனி, கை எங்கை வைச்சனி, ஒண்டும் நான் பாக்கேல்லை. ஒருத்தருமே பாக்கேல்லை. உன்ரை கால் சரியாத்தான் இருந்திருக்கும். நீ வகுப்பிலையும் எங்கள் எல்லாரிலும் திறமாத்தான் வைக்கிறனி. நாங்கள் படிப்பிச்சதுதான் பிழை. அது சண்டைக்கான நிலை இல்லையடா. லியாங் டொக்டர் நாரிப் பிடிப்புக்குச் செய்த அப்பியாசம். அந்த மனுசன் தனக்குத் தெரியாது எண்டு சொன்னவர். நாங்கள் கேக்கேல்லை.”

மேரி முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தாள். கஸ்பரின் முகம் கறுத்தது.

“இருங்கோ, அத்தான். உங்களுக்கென்ன விசரோ? சனத்துக்கு முன்னாலை பள்ளிக்கூடத்தைக் குழிதோண்டிப் புதைக்கிறியளோ?” அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “பின்னங்கால் பிழைதான். எனக்குத் தெரியாதே? என்ரை கால் எனக்குத் தெரியாதே? இண்டைக்குக் காலமையும் அறைக்கை நிண்டு பாத்தனான்.”

“ஒவ்வொரு நாளும் பாக்கிறவன்” என்றாள் மெற்றில்டா. “விடியக் கதவைப் பூட்டிப்போட்டு நிண்டு பாக்கிறவன். எனக்குச் சத்தம் கேக்கிறது.”

இது சவிரிமுத்துவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில், தலைக்கு மேலே, இத்தனை வருசம். கஸ்பர் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் போலத் தணிந்த குரலில் கேட்டான்.

“அப்ப நான் என்ன செய்திருக்க வேணும், அத்தான்?”

“ஓடியிருக்க வேணும், ராசா. என்னோடை ஓடி வந்திருக்க வேணும். ஓடு எண்டு உன்ரை கையைப் பிடிச்சு நான் இழுத்திருக்க வேணும்.”

கஸ்பர் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டான். மெற்றில்டா எழுந்து போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். இவ்வளவும் தமிழில் நடந்தது. பாதருக்கும் கமிட்டிப் பெண்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று பாதர் யோகராஜாவைக் கேட்டார்.

யோகராஜா என்னவும் சொல்லியிருக்கலாம். குடும்பச் சண்டை, பாதர், மண்டபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அங்கே நின்ற தமிழ்ச் சனத்தில் ஒருவரும் மறுத்திருக்கப் போவதில்லை. சவிரிமுத்து அவருடைய முகத்தைப் பார்த்தார். கிழவரின் உதடு இரண்டுமுறை அசைந்து நின்றது.

பிறகு அவர் மேசைப்பக்கம் திரும்பி, கச்சேரியில் வாக்குமூலம் வாசிக்கிற குரலில், சொன்னதைச் சொன்னபடி ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னார். நாரிப் பிடிப்பையும் சொன்னார், ஓடியதையும் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்து இருக்கப் போனவர், இருக்காமல் நின்று, அங்கே ஒருவரும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: அந்தக் கால் பிழையென்று முதன்முதலில் சொன்ன ஆள் தான்தான் என்று.